வாய்க்குள் ஒட்டவைத்த சதை: வாசகர் கேள்விகள்

நாக்குப் புற்றுநோய்க்காக அப்பாவுக்கு ஆபரேஷன் ஆகி, முன்கைத் தோலை எடுத்து நாக்கில் வைத்துத் தைத்திருக்கிறார்கள். நர்ஸ் மணிக்கொரு தரம் எழுப்பி டார்ச் அடித்துப் பார்க்கிறார். தூங்க விட்டால் என்ன?

முதல் இரண்டு மூன்று நாள் தூக்கம் கெட்டாலும் பரவாயில்லை. எடுத்த தோலின் ரத்தக் குழாயை, மைக்ரோஸ்கோப்பில் பார்த்துக் கழுத்துக் குழாயோடு தைத்திருப்பார்கள். அதன் அகலம் 2, 3 மில்லிமீட்டர்தான். தைக்கும் நூல் தலைமுடியைவிட மெல்லியது. அதற்குள் ரத்தம் உறைந்தால் வைத்த தோல் மொத்தமும் செத்துவிடும். உறைவது பெரும்பாலும் முதல் 72 மணி நேரத்துக்குள். அதுவும் ரத்தத்தை வெளியே எடுத்துப்போகும் சிரையில்தான் அதிகம்; உள்ளே கொண்டுவரும் தமனியில் குறைவு. தோல் நீலம் பாரித்து வீங்கி, ஊசியால் குத்தியதும் கறுத்த ரத்தம் வந்தால் சிரை அடைப்பு. வெளுத்துச் சில்லிட்டு, குத்தினாலும் ரத்தம் வராவிட்டால் தமனி அடைப்பு. எதுவானாலும் உடனே தியேட்டருக்குத் திரும்ப வேண்டும். சீக்கிரம் திறந்தால் பலவற்றைக் காப்பாற்றிவிடலாம். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் முடியாது.

இன்னொன்று. பார்க்க வருகிறவர்கள் பாசத்தில் தலையணையைச் சரி செய்து கழுத்தைத் திருப்பிவிடாதீர்கள். மூச்சுக்குழல் டியூபைக் கட்டும் நாடா இறுகினால்கூட சிரை நசுங்கும்.

எட்டாம் நாள் கழுத்துத் தையல் வழியே தண்ணீர் மாதிரி வழிகிறது. சீழா?

எச்சிலாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். வாய்க்குள் போட்ட தையல் ஓரிடத்தில் விட்டிருக்கும். வாய்வழி உணவை நிறுத்தி, மூக்குக் குழாயில் ஆகாரம் கொடுத்து, தினமும் கட்டு மாற்றினால் பெரும்பாலும் தானே மூடிக்கொள்ளும். முன்பே ரேடியேஷன் வாங்கிய கழுத்து என்றால் நாளாகும். சர்க்கரை, புரதம், தைராய்டு மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். ஆபரேஷனுக்குப் பின் ரேடியேஷன் தேவைப்படுவோருக்கு அதை 6 வாரத்துக்குள் தொடங்குவதே நல்லது என்பதால், கசிவைக் கவனிக்காமல் நாள் கடத்தவும் கூடாது. சிவப்பாக ரத்தம் கொஞ்சம் வந்தாலும் அந்த நிமிடமே எமர்ஜென்சிக்கு ஓடுங்கள். எச்சில் கழுத்துப் பெருந்தமனியை அரிக்கக்கூடும்.

மார்புச் சதையைக் கன்னத்தில் வைத்தார்கள். இப்போது வாய்க்குள் முடி முளைக்கிறது! சொன்னால் சிரிக்கிறார்கள்.

சிரிக்கட்டும். இடம் மாறினாலும் மார்புத் தோல் மார்புத் தோல்தானே. ரேடியேஷன் கொடுத்தால் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். இல்லாவிட்டால் வெட்டிவிடலாம், லேசரும் உண்டு.

கால் எலும்பை எடுத்துத் தாடை செய்யப்போகிறார்களாம். அம்மா நடப்பாரா?

நடப்பார். எடுப்பது வெளிப்பக்க ஒல்லி எலும்பு. உடம்பின் பாரத்தைப் பெரும்பாலும் தாங்குவது பக்கத்து எலும்பு. கணுக்கால் ஆடாமலிருக்க அடியில் 6, 7 சென்டிமீட்டர் விட்டுத்தான் வெட்டுவார்கள். கட்டைவிரலை மடக்குவதில் பலம் கொஞ்சம் குறையலாம்.

ஒரே ஒரு பீடி?

கூடாது. நிகோட்டின் தோலின் ரத்தக் குழாய்களைச் சுருக்கும். மேலே சொன்ன 2 மில்லிமீட்டரை நினைத்துக்கொள்ளுங்கள்.