ஒரு நாள் ஷூட்டுக்கு எவ்வளவு கேட்பது? போட்டோகிராபர், மாடல் சம்பளம் பற்றிக் கேள்வி பதில்

கோவை, திருப்பூர் பக்கம் கல்யாணமும், துணி விற்பனைக்குப் படம் எடுக்கும் கேட்டலாக் ஷூட்டும் எடுத்துவருகிறேன். மாடல்களை ஏற்பாடு செய்வது, கம்பெனிக்கு பில் போடுவது, எல்லோருக்கும் பணம் பிரித்துக் கொடுப்பது என்று அந்த வேலையும் என்னிடமே வந்துவிட்டது. கேமராவுக்குப் பின்னால் நிற்பவர், முன்னால் நிற்பவர் இருவருடைய கணக்கும் கண்ணில் படுவதால் இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன். கீழே வரும் ரூபாய்க் கணக்கெல்லாம் வழிமுறையைக் காட்டத்தான். உங்கள் தொகையைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (ஈரோடு, திருமண போட்டோகிராபர்): அக்கா, ஒரு நாள் கல்யாணத்துக்கு 14,000 கேட்டால் "அவர் 7,000-க்கு எடுக்கிறார்" என்கிறார்கள். எனக்கான ரேட்டை எப்படி முடிவு செய்வது?

பதில்: பக்கத்து ஸ்டூடியோ ரேட்டை விட்டுவிட்டு உங்கள் வீட்டுச் செலவிலிருந்து ஆரம்பியுங்கள் தம்பி. குடும்பம் நடத்த மாதம் 35,000 வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 4,20,000. கேமரா பாடி, இரண்டு லென்ஸ், ஃப்ளாஷ், கம்ப்யூட்டர் எல்லாம் 5 லட்சம் என்றால், நாலு வருடத்தில் மாற்றியாக வேண்டும். அது வருடத்துக்கு 1,25,000. கடை வாடகை, கரண்ட், ஹார்ட் டிஸ்க், சாஃப்ட்வேர் சந்தா, வண்டி, போன் சேர்த்து 1,05,000. ஆஸ்பத்திரிச் செலவுக்கும் சேமிப்புக்கும் 60,000. மொத்தம் 7,10,000.

இப்போது எத்தனை நாள் வேலை இருக்கிறது என்று எண்ணுங்கள். பலரும் தப்பு செய்வது இங்கேதான், 365-ஐ மனதில் வைத்து வகுக்கிறார்கள். ஆடியில் கல்யாணம் இல்லை, மார்கழியில் இல்லை, புரட்டாசியில் பெரும்பாலும் இல்லை. மிச்ச மாதங்களிலும் முகூர்த்த நாளில் மட்டும்தான் வேலை. நல்ல முகூர்த்தம் வந்தால் ஊரே ஒரே நாளில் கல்யாணம் வைக்கும், நீங்கள் ஒரு மண்டபத்தில்தான் நிற்க முடியும். வருடத்தில் 60 நாள் சம்பள நாள் கிடைத்தால் 7,10,000-ஐ 60-ஆல் வகுங்கள். சுமார் 11,800 வருகிறது. இது நஷ்டமில்லாமல் மூச்சு விடுவதற்கான தொகை. புக்கிங் குறைகிற வருடத்தைத் தாங்க 15 சதவீதம் சேர்த்தால் 13,600. நீங்கள் கேட்கும் 14,000 சரியான ரேட். ஆல்பம், ட்ரோன், கூட வரும் ஆள், வெளியூர் பயணம் இவற்றைப் பில்லில் தனித்தனியாக எழுதிப் போடுங்கள். உள்ளே அடக்கிச் சொன்னால் பேரம் பேசும்போது உங்கள் சம்பளத்திலிருந்துதான் குறையும்.

7,000-க்கு எடுப்பவரைத் திட்டவும் வேண்டாம். அவருக்கு வேறு வருமானம் இருக்கலாம், அல்லது கேமரா பழுதாகும் நாளில்தான் கணக்குப் போடப்போகிறார். வாடிக்கையாளரிடம் ஒரு மண்டப நாளுக்குப் பின்னால் எத்தனை நாள் எடிட்டிங் இருக்கிறது, படங்களை எத்தனை இடத்தில் நகல் வைக்கிறீர்கள் என்று சொல்லுங்கள். அதைக் கேட்டும் போகிறவர் போகட்டும்.

கேள்வி (சென்னை, புதிதாக மாடலிங் செய்பவர்): ஆன்லைனில் சேலை விற்கும் ஒரு பொட்டிக்கில் "கொலாப் பண்ணலாம், படமும் ஒரு சேலையும் தருகிறோம்" என்கிறார்கள். போகலாமா அக்கா?

பதில்: கொலாப் தப்பில்லை. போட்டோகிராபருக்குப் புது லைட்டிங் பழக வேண்டும், மேக்கப் ஆர்ட்டிஸ்டுக்கு போர்ட்ஃபோலியோ வேண்டும், உங்களுக்கும் படம் வேண்டும் என்று மூவரும் சம்பளமில்லாமல் கூடினால் அது நியாயமான ஏற்பாடு. ஆனால் இங்கே படத்தை வைத்து ஒருவர் சேலை விற்கப்போகிறார், அதனால் அது விளம்பரம். "போட்டோகிராபருக்கும் மேக்கப்புக்கும் பணம் கொடுக்கிறீர்களா?" என்று கேளுங்கள். கொடுக்கிறோம் என்றால் உங்களுக்கும் கொடுக்க வேண்டும். அந்தப் படத்தில் சேலை நிற்பதே உங்கள் தோளில்தான்.

கேள்வி (திருப்பூர், ஆண் மாடல்): இங்கே ஒரு உடைக்கு இவ்வளவு என்று பீஸ் ரேட்தான் பேசுகிறார்கள். நாள் சம்பளம் நல்லதா, பீஸ் ரேட் நல்லதா?

பதில்: ஆன்லைன் விற்பனைக்கான ஷூட் எப்படி நடக்கிறது என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது, அதனால் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். ஒரு டி-ஷர்ட்டுக்கு முன்பக்கம், பின்பக்கம், சைடு, குளோசப் என்று குறைந்தது நாலு படம். லூஸாக இருந்தால் முதுகில் கிளிப் போட்டு இழுத்துப் பிடிப்பார்கள், பின்பக்கப் படத்துக்குக் கிளிப்பைக் கழற்றி இடத்தை மாற்ற வேண்டும். காலையில் சட்டை மாற்றுவது மளமளவென்று போகும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அயர்ன் செய்யும் ஆள் பின்தங்குவார், சாம்பிள் ஃபேக்டரியிலிருந்து இன்னும் வரவில்லை என்பார்கள், நீங்கள் ஏசியில் உட்கார்ந்திருப்பீர்கள். அந்த இரண்டு மணி நேரத்துக்குப் பீஸ் ரேட்டில் ஒரு பைசா கிடையாது. தாமதம் கம்பெனியுடையது, நஷ்டம் உங்களுடையது.

அதனால் பீஸ் ரேட் பேசினாலும் கீழே ஒரு உத்தரவாதத் தொகை வையுங்கள். "ஒரு பீஸ் 200, எத்தனை பீஸ் எடுத்தாலும் அந்த நாளுக்குக் குறைந்தது 6,000" என்று பேசினால், 30 பீஸ் வரை அவர்கள் பொறுப்பு, அதற்கு மேல் எடுத்தால் உங்களுக்கு லாபம். எட்டு மணி நேரம் தாண்டினால் ஒவ்வொரு மணிக்கும் கூடுதல் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சினிமாவில் கால்ஷீட் தாண்டினால் கணக்கு மாறுகிறது, நமக்கு மட்டும் ஏன் மாறக்கூடாது? போட்டோகிராபரும் இதையேதான் கேட்க வேண்டும். மாடலைப் பீஸ் ரேட்டில் போட்டுவிட்டு தான் மட்டும் நாள் சம்பளம் வாங்கும் போட்டோகிராபர், இடைவேளையே விடாமல் ஷூட்டை ஓட்டுவதைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி (திருப்பூர், நாலு வயதுக் குழந்தையின் அம்மா): குழந்தைகள் துணிக்கு என் பாப்பாவைக் கேட்கிறார்கள். சம்பளம் எப்படிப் பேசுவது?

பதில்: சம்பளத்துக்கு முன்னால் சட்டத்தைப் பாருங்கள்மா. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016-இல் திருத்தப்பட்டபோது, விளம்பரத்தில் நடிக்கும் குழந்தைகளுக்கு நிபந்தனையோடு விலக்கு கொடுத்தார்கள். ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூடாது, ஓய்வில்லாமல் மூன்று மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. மாவட்ட நிர்வாகத்தின் அனுமதியை வாங்க வேண்டியது தயாரிப்பாளரின் பொறுப்பு. சம்பளத்தில் குறைந்தது 20 சதவீதம் குழந்தையின் பெயரில் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் வைப்புத்தொகையாகப் போக வேண்டும். இதைச் சொன்னதும் முகம் சுளிக்கிற கம்பெனி என்றால் பாப்பாவை அனுப்பாதீர்கள். பெரியவர்களுக்குப் பேசும் பாதி நாள் சம்பளத்துக்குக் குறைத்துப் பேச வேண்டியதில்லை. "குழந்தைதானே" என்பது குறைப்பதற்குக் காரணமே இல்லை.

கேள்வி (சேலம், மாடல்): சேலை கேட்டலாக்குக்கு ஒரு நாள் 8,000 வாங்கினேன். இரண்டு வருடம் கழித்து பைபாஸ் ரோடு ஹோர்டிங்கில் என் முகம் நிற்கிறது. கடையில் கேட்டால் "அன்றைக்கே செட்டில் பண்ணிட்டோமே" என்கிறார்கள்.

பதில்: அவர்கள் செட்டில் செய்தது உங்கள் ஒரு நாள் உழைப்பை. உங்கள் முகத்தை எங்கே, எத்தனை நாள் காட்டலாம் என்பது வேறு கணக்கு. நம் ஊரில் நியாயமான ரேட் என்ற பேச்சு நாள் சம்பளத்தோடு நின்றுவிடுவதுதான் எல்லாச் சிக்கலுக்கும் வேர். கடைக்காரர் ஹோர்டிங் இடத்துக்கு மாதாமாதம் வாடகை கட்டுகிறார். பலகைக்கு வாடகை உண்டு, அதில் நிற்கும் முகத்துக்கு இல்லையா?

நான் பில் போடும் முறையைச் சொல்கிறேன். நாள் சம்பளத்தில் கேட்டலாக், கடையின் சொந்த இணையப் பக்கம் இரண்டும் ஒரு வருடத்துக்கு அடங்கும். ஹோர்டிங், பத்திரிகை விளம்பரம் சேர்ந்தால் இன்னொரு நாள் சம்பளம். வருடம் முடிந்து நீட்டித்தால் ஒவ்வொரு வருடத்துக்கும் அதில் பாதி. வேறு சேலைக் கடைக்குப் போகக் கூடாது என்றால் அந்தக் கட்டுப்பாட்டுக்கும் தனியாகப் பணம். உங்கள் விஷயத்தில் இதன்படி குறைந்தது 8,000, அதோடு ஒரு வருடம் தாண்டியதற்கான கணக்கும் கேட்கலாம்.

ஒப்பந்தத் தாள் இல்லையே என்று கவலைப்படாதீர்கள். "கேட்டலாக் ஷூட்" என்று வாட்ஸ்அப்பில் அவர்கள் அனுப்பிய செய்தியும் சாட்சிதான், அழிக்காமல் வையுங்கள். ஹோர்டிங்கைத் தேதியோடு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்டோ சங்கர் சுயசரிதை தொடர்பாக நக்கீரன் ஆசிரியர் தொடுத்த வழக்கில் 1994-இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, ஒருவரின் பெயரையோ உருவத்தையோ சம்மதமில்லாமல் விளம்பரத்துக்குப் பயன்படுத்துவதை அந்தரங்க உரிமை மீறலுக்கு உதாரணமாகவே சொல்கிறது. முதலில் பில் அனுப்புங்கள். நகரவில்லை என்றால் வக்கீல் நோட்டீஸ்.

கேள்வி (மதுரை, போட்டோகிராபர்): படம் எடுத்தவன் நான். காப்புரிமை எனக்குத்தானே?

பதில்: காசு வாங்கிக்கொண்டு ஒருவர் கேட்டு எடுத்த படம் என்றால், இல்லை. 1957-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவின்படி, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது பணம் கொடுத்து எடுக்கச் சொன்னவர்தான் முதல் உரிமையாளர். அந்த "வேறு ஒப்பந்தம்" உங்கள் கொட்டேஷனில் ஒரு வரியாக இருந்து, அவர் அதை ஒப்புக்கொண்டிருந்தால் போதும்: "படங்களின் காப்புரிமை போட்டோகிராபருடையது, வாடிக்கையாளர் இன்ன பயன்பாட்டுக்கு, இத்தனை வருடத்துக்குப் பயன்படுத்தலாம்." முழு உரிமையும் வேண்டும் என்பவருக்குக் கூடுதல் ரேட் சொல்லுங்கள். சும்மா தூக்கிக் கொடுக்காதீர்கள்.

கேள்வி (மதுரை, மாடல்): மும்பையிலிருந்து வரும் பெண்ணுக்கு எனக்குத் தருவதைப் போல நாலு மடங்கு. "அவங்க கலர் அப்படி" என்று முகத்துக்கு நேராகவே சொன்னார்கள்.

பதில்: படிக்கும்போதே கோபம் வருகிறது. அனுபவத்துக்கு, ஃபாலோயர்களுக்கு, ஏற்கெனவே செய்த வேலைக்கு ரேட் கூடலாம். தோல் நிறத்துக்கு ரேட் கூடுவது அநியாயம், அதற்கு வேறு பெயர் கிடையாது. வெளியூரிலிருந்து வருபவரின் விமானம், ஹோட்டல் செலவைச் சம்பளத்தோடு கலந்து பேசினால் வித்தியாசம் எவ்வளவு என்றே தெரியாது, அதைப் பிரித்துக் கேளுங்கள். நீங்கள் செய்யக்கூடியது, நீங்கள் உடுத்திய சேலை விற்ற விவரத்தைக் கடைக்காரரிடமிருந்து வாங்கி அடுத்த பேச்சில் முன்னால் வைப்பது. நான் பில் போடும் ஷூட்டில் ஒரே வேலைக்கு ஒரே ரேட்தான். இதனால் இரண்டு கம்பெனி என்னை விட்டுப் போயின, போகட்டும்.

கேள்வி (கோவை, சிறு பொட்டிக் நடத்துபவர்): என்னிடம் இருப்பதே 15,000. யாரையும் ஏமாற்ற எனக்கு விருப்பமில்லை. எப்படிச் செய்வது?

பதில்: இப்படிக் கேட்டதற்கே நன்றி. ரேட்டைக் குறைக்காதீர்கள், வேலையைக் குறையுங்கள். இருபது சேலைக்குப் பதில் எட்டு, முழு நாளுக்குப் பதில் அரை நாள். இன்னொரு பொட்டிக்கோடு சேர்ந்து ஒரே நாளைக் காலை, மாலை என்று பிரித்துக்கொள்ளலாம். ஆடி மாதத்தில் கல்யாண போட்டோகிராபர்கள் ஓய்வாக இருப்பார்கள், தீபாவளி கலெக்‌ஷனை அப்போதே எடுத்தால் ஆளும் கிடைக்கும், அவர்களுக்கும் வருமானம்.

அப்புறம், பணம் செலவாகாத சில விஷயங்கள். உடை மாற்ற உள்தாழ்ப்பாள் உள்ள அறை வேண்டும். ஸ்டாக் ரூமில் துணியைத் தொங்கவிட்டு, வெளியே ஒருவரைக் காவலுக்கு நிறுத்துவது சரியில்லை. ப்ளவுஸ் அளவை முந்தின நாளே வாங்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஷூட் நேரத்தில் ஒரு மணி ஊசிக்கும் பின்னுக்கும் போய்விடும். மதியச் சாப்பாடு எல்லோருக்கும் ஒன்றாக. பணத்தை அன்று மாலையே அனுப்பிவிடுங்கள். உடனே பணம் தருபவருக்கு நான் ரேட்டில் கொஞ்சம் விட்டுக்கொடுப்பதுண்டு.

கேள்வி (கரூர், போட்டோகிராபர்): ஒரு டெக்ஸ்டைல் கம்பெனி மூன்று மாதமாக "அக்கவுன்ட்ஸில் இருக்கிறது" என்கிறது.

பதில்: சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு இருக்கிறதா? இலவசம்தான், ஆதார் வைத்து ஆன்லைனில் செய்யலாம். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, பதிந்த சிறு தொழிலுக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் வர வேண்டும், ஒப்பந்தமே இல்லாவிட்டால் 15 நாளுக்குள். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டியைப் போல மூன்று மடங்கு, மாதக் கூட்டு வட்டியோடு. இதற்கென இருக்கும் அரசு இணையதளத்தில் புகார் கொடுக்கலாம். வேலை தொடங்கும் முன்பே பதிந்திருப்பது முக்கியம், பிறகு பதிந்தால் செல்லுமா செல்லாதா என்ற வழக்கிலேயே காலம் போகும். இனிமேல் பாதி அட்வான்ஸ் இல்லாமல் கேமராவை எடுக்காதீர்கள்.

கேள்வி (சென்னை, மாடல்): "ஒரு நாள் ஷூட் போதும், மிச்ச 200 சேலையை ஏ.ஐ.யில் உங்கள் மேல் போட்டுக்கொள்கிறோம்" என்கிறார்கள். ரேட் ஒரு நாளுக்குத்தானாம்.

பதில்: 200 சேலைக்கு எத்தனை நாள் ஷூட் ஆகியிருக்கும் என்று அவர்களையே கணக்குப் போடச் சொல்லுங்கள். அந்த நாட்களில் நீங்கள் மட்டுமல்ல, போட்டோகிராபர், மேக்கப், அயர்ன் செய்பவர் எல்லோரும் சம்பாதித்திருப்பார்கள். நியூயார்க் மாநிலத்தில் மாடலின் டிஜிட்டல் நகலைப் பயன்படுத்தத் தனி எழுத்துச் சம்மதம் வேண்டும், எதற்கு, எவ்வளவு நாள், எவ்வளவு பணம் என்பதும் அதில் இருக்க வேண்டும். 2025 ஜூனிலிருந்து அங்கே அது சட்டம். நாமும் அதையே கேட்போம். உருவாக்கும் ஒவ்வொரு படத்துக்கும் தனி ரேட், ஆறு மாதக் கெடு, வேறு கம்பெனிக்கு முகத்தைக் கொடுக்கக் கூடாது. ஒத்துவரவில்லை என்றால், "என் படத்தை ஏ.ஐ.யில் பயன்படுத்தச் சம்மதமில்லை" என்று மெசேஜ் அனுப்பிவிட்டுத்தான் ஷூட்டுக்குப் போங்கள்.

கேள்வி (திருச்சி, அசிஸ்டென்ட்): இரவு ரிசப்ஷன், மறுநாள் முகூர்த்தம் இரண்டுக்கும் லைட் பிடித்து, செகண்ட் கேமராவும் எடுத்தேன். 1,500 கொடுத்துவிட்டு "கத்துக்கிறயில்ல" என்றார் அண்ணன்.

பதில்: லைட் பிடித்தது உதவி. இரண்டாவது கேமரா எடுத்தது போட்டோகிராபர் வேலை, அந்தப் படங்கள் ஆல்பத்தில் போகின்றன, வாடிக்கையாளரிடம் அதற்குத் தனி ரேட்டும் வாங்கியிருப்பார். பில்லில் அதற்கு எவ்வளவு போட்டார் என்று மரியாதையாகக் கேளுங்கள் தம்பி. அவர் கேமராவையும் லென்ஸையும் கொடுத்திருந்தால் அதற்கான வாடகையைக் கழித்துக்கொள்ளட்டும், மிச்சம் உங்களுடையது. ரிசப்ஷன், முகூர்த்தம் இரண்டும் தனித்தனி வேலை நாளாகத்தான் கணக்கில் வர வேண்டும். வாடிக்கையாளர் குறைக்கிறார் என்று புலம்பும் சீனியர்களுக்கும் இதைத்தான் சொல்வேன்: உங்கள் ரேட் கணக்கில் அசிஸ்டென்ட் சம்பளத்தை முதல் செலவாக எழுதுங்கள், அல்லது லைட்டை நீங்களே பிடியுங்கள்.