கல்யாணத்துக்கு யூஸ் அண்ட் த்ரோ கேமரா: கேட்டதும் சொன்னதும்

திருமங்கலத்திலிருந்து: தங்கச்சி கல்யாணத்துக்கு, உள்ளேயே ரோல் போட்டு வர்ற யூஸ் அண்ட் த்ரோ கேமரா வாங்கணும்ணே. ஆன்லைன்ல நாலஞ்சு வகை காட்டுது. எதை வாங்க?

பெட்டியில் ‘பிளாஷ்’ என்று போட்டிருக்கிறதா, அதை முதலில் பாருங்கள் தம்பி. தண்ணீருக்குள் எடுக்கும் மாடலிலும் ‘டேலைட்’ மாடலிலும் பிளாஷ் கிடையாது. படம் அழகாக இருக்கிறதே என்று அதை வாங்கிவிட்டால் மண்டபத்துக்குள் அத்தனையும் இருட்டுதான். பிளாஷ் உள்ள கலர் மாடலில் பெரும்பாலும் கிடைப்பது ரெண்டு: கோடக் ஃபன்சேவர், ஃபியூஜி குயிக்ஸ்னாப். இரண்டிலும் லென்ஸில் வெளிச்சம் நுழையும் துவாரம் எஃப்/10, ரொம்பச் சின்னது, மாற்ற முடியாது. ஷட்டர் வேகத்தையும் மாற்ற முடியாது. கோடக்கில் 1/100 வினாடி, ஃபியூஜியில் 1/140. வித்தியாசம் உள்ளே இருக்கும் ரோலில். கோடக்கில் ஐஎஸ்ஓ 800, ஃபியூஜியில் 400; இந்த எண் கூடக் கூட ரோல் குறைந்த வெளிச்சத்திலும் படம் பிடிக்கும். மண்டபத்துக்கு நான் சொல்வது கோடக். பகல் வெளிச்சத்தில் மாப்பிள்ளை அழைப்பு எடுக்க என்றால் ஃபியூஜியே போதும்.

மேலூரிலிருந்து: 400 பேர் வருவாங்க. வெளிநாட்டுல மேசைக்கு ஒண்ணு வைக்கிறாங்களே, அப்படி வைக்கலாமா?

அங்கே ஒரே மேசையில் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருப்பார்கள். நம் பந்தியில் அரை மணிக்கு ஓர் இலை விழுகிறது. சாம்பார் வாளிக்குப் பக்கத்தில் கேமராவை வைத்தால், முதல் பந்திப் பிள்ளைகளே அதில் இருக்கும் 27 படத்தையும் முடித்துவிடுவார்கள். ஆள் பார்த்துக் கொடுங்கள். பொண்ணு வீட்டில் ரெண்டு, மாப்பிள்ளை வீட்டில் ரெண்டு, தோழிகளிடம் ஒன்று, சமையல்கட்டு, வாசல் பக்கம் சுற்றும் ஒரு சித்தப்பாவிடம் ஒன்று. ஆறு கேமரா, 162 படம். பாதி தேறினால் சந்தோஷப்படலாம். ஒவ்வொன்றின் மேலும் யாரிடம் கொடுத்தது என்று ஸ்டிக்கர் ஒட்டுங்கள். திருப்பி வாங்குவதுதான் பெரும்பாடு.

அண்ணாநகரிலிருந்து: நிச்சயதார்த்தத்துல பிளாஷ் இருந்தும் பாதி படம் கறுப்பு, சிலது வெள்ளை வெளேர்னு. ரோல் கெட்டுப்போச்சா?

ரோல்மேல் பழி போடாதீர்கள். கறுப்புக்கு முதல் காரணம், பிளாஷ் சார்ஜ் ஆகாமலே அமுக்கியது. ஒவ்வொரு படத்துக்கும் சக்கரத்தை அது நிற்கும்வரை சுற்றி, பிளாஷ் பட்டனைப் போட்டு, சின்ன விளக்கு எரிந்த பிறகுதான் எடுக்க வேண்டும். இரண்டாவது, தூரம். பிளாஷ் எட்டுவது மூன்று மீட்டர், மிஞ்சினால் மூன்றரை. நாற்காலி வரிசையிலிருந்து மணமேடையை எடுத்தால் முன்னால் உட்கார்ந்தவர் தலை மட்டும் வெளுத்து, பொண்ணும் மாப்பிள்ளையும் இருட்டில் இருப்பார்கள். மேடை ஏறுங்கள், நாலு எட்டு தள்ளி நின்று எடுங்கள்.

வெளுத்ததற்குக் காரணம் இதற்கு நேர் எதிர். ஒரு மீட்டருக்குள் போனால் முகம் வெளுப்பதோடு ஃபோகஸும் போகும். ஹோமப் புகை எழும்போது பிளாஷ் போட்டால் புகைதான் படம். பட்டு ஜரிகையும் நெற்றிச்சுட்டியும் நேருக்கு நேர் பளீரென்று அடிக்கும். கொஞ்சம் பக்கவாட்டில் நின்றால் தப்பும். விரல் லென்ஸை மறைத்தாலும் கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரில் தெரியாது, ஏனென்றால் அது தனி ஓட்டை. வீடியோகாரர் லைட் போட்டிருக்கிறாரே என்று பிளாஷை விட்டுவிடாதீர்கள். அந்த வெளிச்சம் எஃப்/10 லென்ஸுக்குக் காணாது.

உசிலம்பட்டியிலிருந்து: திருப்பரங்குன்றத்துல முகூர்த்தம், முடிஞ்சதும் மீனாட்சியம்மன் கோயில். கொண்டு போலாமா?

மீனாட்சியம்மன் கோயிலுக்குள் கேமரா கூடாது. செல்போனுக்கே 2018லிருந்து தடை. சித்திரை வீதியில் கோபுரம் பின்னால் தெரிய நின்று எடுங்கள், பகலில் நன்றாக வரும். திருப்பரங்குன்றத்தில் எதுவரை எடுக்கலாம் என்று கோயில் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். விடியலுக்கு முன் முகூர்த்தம் என்றால் வெளியில் நின்றாலும் பிளாஷ்தான்.

சிங்கப்பூரிலிருந்து அண்ணன் வாங்கிட்டு வர்றார். ஏர்போர்ட் ஸ்கேனர்ல கெடுமா?

செக்-இன் பெட்டியில் மட்டும் போடச் சொல்லாதீர்கள். அங்கே அடிக்கும் எக்ஸ்ரே ரோலை மங்கவைக்கும். கைப்பையில் வைத்தாலும், ஆஸ்பத்திரியில் இருப்பது மாதிரியான புது சி.டி. ஸ்கேனர் ஆபத்துதான். கையால் சோதிக்கச் சொல்லிக் கேட்கட்டும்.

சித்திரையில கல்யாணம். வெயில்ல தாங்குமா?

காருக்குள் வைக்காதவரை தாங்கும். மதுரை வெயிலில் பூட்டிய கார் அடுப்பு மாதிரி; ரோலில் நிறம் மாறிவிடும். வாங்கியதும் பீரோவில் வையுங்கள், ஃபிரிட்ஜ் என்றால் கவரைப் பிரிக்காமல். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததும் கவரைப் பிரித்தால் வியர்த்துவிடும், சில மணி நேரம் வெளியில் இருக்கட்டும். காலாவதித் தேதி தாண்டியதைச் சலுகை விலையில் தந்தாலும் வேண்டாம்.

அக்கா பையன் பாதியிலேயே கேமராவைப் பிரிச்சுட்டான். எல்லாம் போச்சா?

எடுத்தவை பெரும்பாலும் பிழைத்திருக்கும். இந்த வகைக் கேமராவில் ரோல் முன்கூட்டியே முழுக்க வெளியே இழுத்து வைத்திருப்பார்கள்; ஒவ்வொரு படம் எடுத்ததும் அது டப்பாவுக்குள் திரும்பிப் போகும். வெளிச்சம் பட்டுக் கெடுவது இன்னும் எடுக்காத பகுதி, அதை ஒட்டிய ஒன்றிரண்டு படம். உடனே கறுப்புத் துணியில் சுற்றி அப்படியே லேபுக்குக் கொடுங்கள். பையனை இனிமேல் கிட்டே விடாதீர்கள். பிளாஷுக்கு மின்சாரம் சேர்த்து வைக்கும் கெபாசிட்டரில் முந்நூறு வோல்ட் வரை நிற்கும், பேட்டரியைக் கழற்றினாலும் கையில் உதறும்.

ரோல் கழுவுறதுக்கு இப்ப ஆள் இருக்கா?

பல ஸ்டூடியோக்களில் இப்போது பிரிண்ட் போடுவது மட்டும்தான். கேமரா வாங்குவதற்கு முன்பே மூன்று கேள்வி கேளுங்கள்: கலர் ரோலைக் கழுவும் சி-41 முறை உங்களிடமே உண்டா, வெளியே அனுப்புவீர்களா? ஸ்கேன் என்ன அளவில்? நெகட்டிவ் திருப்பித் தருவீர்களா? உள்ளூரில் அமையாவிட்டால் பெருநகர லேபுக்குக் கூரியர். கொடுக்கும் முன் சக்கரம் தடையில்லாமல் சுற்றும்வரை சுற்றி முடியுங்கள். கறுப்பு வெள்ளை வேண்டுமென்றால் இல்ஃபோர்டு கம்பெனி கேமராவில் ரெண்டு வகை: எக்ஸ்பி2 இதே சி-41ல் கழுவலாம், ஹெச்பி5க்குக் கறுப்பு வெள்ளைக் கெமிக்கல் தனி. இதைச் சொல்லாமல் கொடுத்து ஹெச்பி5ஐ சி-41ல் போட்டால் ஒரு படமும் மிஞ்சாது.