டிப்ளமா படித்த பையன் பெயின்ட் வேலைக்கா?

மெக்கானிக்கல் டிப்ளமா முடித்த மகன் கோட்டிங் இன்ஸ்பெக்டர் ஆகப்போகிறேன் என்கிறான், பெயின்ட் அடிக்கவா இவ்வளவு செலவழித்தேன் என்று கேட்டிருக்கிறீர்கள். பிரஷ் பிடிப்பவர் வேறு, இன்ஸ்பெக்டர் வேறு, ஐயா. 2025-இல் திறந்த புதிய பாம்பன் பாலத்தின் இரும்பை உப்புக்காற்றிலிருந்து காப்பதும் பூச்சுதான். அப்படிப்பட்ட பூச்சு முறையாக ஏறியதா என்று அளந்து கையெழுத்துப் போடுபவர் இன்ஸ்பெக்டர்.

பூச்சு உரிந்தால் எல்லோரும் பெயின்டைத் திட்டுவார்கள். தோண்டிப் பார்த்தால் பெரும்பாலும் பரப்பைத் தயார் செய்ததில்தான் கோளாறு இருக்கும். அதனால் டப்பாவைத் திறப்பதற்கு முன்பே இவர் வேலை தொடங்கிவிடும். பிளாஸ்டிங் (துகள்களை வேகமாக வீசித் துருவை நீக்குவது) செய்த இரும்பு, 'எஸ்ஏ இரண்டரை' என்ற சுத்தத் தரத்துக்கு வெளுத்திருக்க வேண்டும். பெயின்ட் பிடித்து நிற்கப் பரப்பின் சொரசொரப்பு பொதுவாக 50 முதல் 75 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) வேண்டும். கண்ணுக்குத் தெரியாத உப்பு மிச்சமிருந்தால் அது பூச்சைத் தாண்டி ஈரத்தை உள்ளே இழுக்கும். சில மாதங்களில் கொப்புளம் கட்டும்.

அடுத்தது பனிநிலை, அதாவது காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை. இரும்பின் வெப்பம் பனிநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி அதிகமாக இருக்க வேண்டும். காற்று 30 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் பனிநிலை ஏறக்குறைய 26. அதிகாலையில் இரும்பு 27 டிகிரியில் இருக்கிறதா? வேலையை நிறுத்தத்தான் வேண்டும். சூப்பர்வைசர் அவசரப்படுத்துவார், அந்த நேரத்தில் மீட்டரைக் காட்டி மறுக்கும் துணிவு உங்கள் பையனுக்கு வேண்டும். என் கணிப்பில் இந்த வேலைக்கு முதல் தகுதி அதுதான்.

கணக்கு எளிது. கன அளவில் திடப்பொருள் 60 சதவீதம் உள்ள பெயின்ட் காய்ந்தபின் 120 மைக்ரான் நிற்க வேண்டுமானால், ஈரமாக 200 அடிக்க வேண்டும். கூடுதலாக அடித்தால் நல்லதுதானே என்று நினைக்கக் கூடாது: துத்தநாக சிலிக்கேட் பிரைமர் (முதல் பூச்சு) தடித்துப்போனால் வறண்ட குளத்து மண்போல வெடிக்கும். கூர்முனையிலும் வெல்டிங் ஓரத்திலும் பெயின்ட் விலகி மெலியும். அங்கே முதலில் பிரஷ்ஷால் ஒரு பூச்சு கொடுக்க வேண்டும்.

சான்றிதழுக்கு உடனே பணம் கட்டாதீர்கள். இரும்புக் கட்டமைப்புகள் செய்யும் ஃபேப்ரிகேஷன் யார்டில் ஓரிரு வருடம் க்யூசி (தரக் கட்டுப்பாடு) உதவியாளராக இருக்கட்டும். பிறகு கோட்டிங் இன்ஸ்பெக்டர்களுக்குச் சான்றிதழ் தரும் ஆம்ப் (AMPP) அமைப்பின் முதல்நிலைத் தேர்வை எழுதட்டும் (நேஸ், எஸ்எஸ்பிசி என்ற இரண்டு அமைப்புகள் 2021-இல் இணைந்து உருவானது இது). முதல்நிலை முடித்தவர் மூத்தவரின் மேற்பார்வையில்தான் வேலை செய்வார். "சான்றிதழ் வாங்கினால் வளைகுடா வேலை உறுதி" என்று முன்பணம் கேட்பவரை நம்ப வேண்டாம். பயிற்சி மையத்துக்கு அனுமதி உண்டா என்பதை ஆம்ப்பின் தளத்திலேயே பாருங்கள்.

வீட்டில் பிளஸ் டூ படிக்கும் பிள்ளை இருந்தால் காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தின் பி.டெக்கையும் விசாரியுங்கள். அரிப்பியலை, அதாவது உலோகம் துருப்பிடித்து அரிபடுவது பற்றிய படிப்பை, ஆழமாகக் கற்க நல்ல இடம்.

உடல்நலத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஆஃபர் வந்ததும் பிளாஸ்டிங்குக்கு என்ன போடுகிறார்கள் என்று கேட்கச் சொல்லுங்கள். கார்னெட் (ஒருவகைக் கனிமத் துகள்) அல்லது ஸ்டீல் கிரிட் (இரும்புத் துகள்) என்றால் சரி. ஆற்று மணல் என்றால் வேண்டாம். அதன் சிலிக்கா தூசி நுரையீரலைத் திரும்ப முடியாதபடி கெடுக்கும். பாலியூரித்தேன் பெயின்ட் ஸ்பிரே செய்யும் இடத்தில் அதிலுள்ள ஐசோசயனேட் என்ற ரசாயனம் ஆஸ்துமா வரவழைக்கும். துணி மாஸ்க் அதைத் தடுக்காது, காற்று செலுத்தும் முகக்கவசம் தருகிறார்களா என்றும் கேட்கட்டும்.