470 மதிப்பெண்ணுக்கு அரசு மருத்துவக் கல்லூரி கிடைக்குமா? மதிப்பெண்ணை விடுங்கள், தரவரிசையைப் பாருங்கள்

மகள் நீட்டில் 470 எடுத்திருக்கிறாள், பிசி பிரிவு, ஊர் திருத்துறைப்பூண்டி பக்கம், அரசுக் கல்லூரியில் இடம் கிடைக்குமா அல்லது இன்னொரு வருடம் படிக்க வைப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்களும் எங்களைப் போல விவசாயக் குடும்பமாகத்தான் இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். அந்த எண்ணை மட்டும் கேட்டுவிட்டுக் கிடைக்கும், கிடைக்காது என்று யார் அடித்துச் சொன்னாலும் நம்பாதீர்கள்.

2024-இல் முதலில் வந்த முடிவில் 67 பேர் 720-க்கு 720 வாங்கியிருந்தார்கள். திருத்திய பட்டியலிலும் 17 பேர். அடுத்த வருடம், 2025-இல், நாட்டிலேயே முதலிடம் பிடித்த மாணவருக்கு 686தான். வினாத்தாள் கடினமாக வந்தால் எல்லோரும் சேர்ந்து இறங்குகிறார்கள். ஆகவே, போன வருடம் பக்கத்துத் தெருப் பையனுக்கு இத்தனைக்குக் கிடைத்தது என்ற பேச்சு எதற்கும் உதவாது. மாநிலத் தரவரிசைப் பட்டியல் வரும்போது அதில் உங்கள் மகளின் பெயருக்கு நேரே சமூகப் பிரிவு வரிசை எண் இருக்கும். அதுதான் கணக்கு. இன்னொன்று, தகுதி மதிப்பெண்ணைத் தாண்டியதும் சீட் உறுதி என்று ஊரில் பேசுகிறார்கள். தகுதி என்பது விண்ணப்பிக்க மட்டும்தான்.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். நீடாமங்கலம் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் நிலம். மகள் 2023-இல் நீட் எழுதினாள். முடிவு வந்த கையோடு உறவினர் ஒருவர் தஞ்சாவூரில் ஓர் ஆலோசகரிடம் எங்களை அழைத்துப் போனார். அவர் மதிப்பெண் அட்டையை வாங்கி ஒரு பார்வை பார்த்துவிட்டு மேசைமேல் கவிழ்த்து வைத்தார். "கவர்ன்மென்ட் சீட்டுக்கு வாய்ப்பே இல்லை சார். தனியார் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டில் ஓர் இடம் பிடித்து வைக்கிறேன். இன்றைக்கே அட்வான்ஸ் கட்டினால்தான் நிற்கும்" என்றார். மகள் எதிரில் உட்கார்ந்திருக்கிறாள். என் மனைவியின் கை தானாகக் கழுத்துச் சங்கிலிக்குப் போனது. யோசித்துச் சொல்கிறோம் என்று எழுந்து வந்துவிட்டோம்.

மறுநாள் மன்னார்குடியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் முந்தைய ஆண்டின் ஒதுக்கீட்டுப் பட்டியலை முழுவதும் பிரிண்ட் எடுத்தேன். மாநில மருத்துவத் தேர்வுக் குழு வெளியிடும் பட்டியல்தான், யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். ரேங்க், மதிப்பெண், பிரிவு, கிடைத்த கல்லூரி எல்லாம் வரிசையாக இருக்கும். இரவு முழுவதும் திண்ணையில் பரப்பிவைத்து, ஸ்கேலும் சிவப்புப் பேனாவுமாக, ஒவ்வொரு கல்லூரியிலும் கடைசியாக இடம் வாங்கிய பிசி மாணவரின் வரிசை எண்ணுக்குக் கீழே கோடு போட்டேன். அப்போதுதான் இரண்டு விஷயங்கள் கண்ணில் பட்டன. பொதுப்பிரிவு 31 விழுக்காடு எல்லோருக்கும் உரியது. பிசி பிள்ளைகளில் முன்வரிசையில் இருப்பவர்கள் அந்த இடங்களுக்குப் போய்விடுவதால், பிசிக்கு உரிய 26.5 விழுக்காட்டுக்குள் பின்னால் இருப்பவர்களுக்கு வழி திறக்கிறது. அடுத்தது, 2022 ஜனவரியில் நாகப்பட்டினம், அரியலூர் உட்பட 11 புதிய அரசுக் கல்லூரிகள் 1,450 இடங்களோடு வந்தபின் கோடு நன்றாகவே கீழே இறங்கியிருந்தது. பிறகு மாநிலத் தரவரிசைப் பட்டியல் வந்தபோது, மகளின் வரிசை எண் அந்தக் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே இருந்தது. மேலே இருப்பவர்கள் சிலர் ஜிப்மர், எய்ம்ஸ், அகில இந்திய ஒதுக்கீடு என்று விலகினால் எட்டிவிடும் தூரம். முதல் சுற்றில் கிடைக்கவில்லை. இரண்டாம் சுற்றில் நாகப்பட்டினம் கிடைத்தது.

உன் பெண்ணுக்குக் கிடைத்துவிட்டது, அதனால் பேசுகிறாய் என்று சிலர் சொல்லக்கூடும். கிடைக்காத பிள்ளைகள் என் சொந்தத்திலேயே உண்டு. எல்லோருக்கும் கிடைக்கும் என்று நான் எங்கும் சொல்லவில்லை. பட்டியலைப் பார்க்காமல் பணத்தைக் கொடுக்காதீர்கள் என்கிறேன், அவ்வளவுதான். அவளுடைய மதிப்பெண்ணை இங்கே எழுதாததும் வேண்டுமென்றேதான். எழுதினால் உடனே 470-ஐ அதன் பக்கத்தில் வைத்துப் பார்ப்பீர்கள்.

உங்கள் மகள் எந்தப் பள்ளி என்று சொல்லவில்லையே? ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி என்றால் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு உண்டு. 2020-இல் வந்த சட்டம். அதற்குத் தனிப் பட்டியல், கல்விக் கட்டணமும் அரசே கட்டுகிறது. நான் இதுவரை சொன்ன கணக்கெல்லாம் அங்கே மாறிவிடும். என் மகள் படித்தது அரசு உதவி பெறும் பள்ளி. ஆசிரியருக்குச் சம்பளம் கொடுப்பது அதே அரசு, பாடப்புத்தகம் அதே புத்தகம், பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தது நடவுக்குப் போகும் வீட்டுப் பிள்ளை. ஆனாலும் அந்த ஒதுக்கீடு இல்லை. 7.5 வேண்டாம் என்று சொல்வதாகத் திரித்துவிடாதீர்கள். அது மிகச் சரியான சட்டம். உதவி பெறும் பள்ளிகளையும் சேர்க்கவேண்டும் என்பது என் ஆதங்கம்.

இன்னொரு வருடம் என்றால் பயிற்சி மையத்துக்கும் விடுதிக்கும் பணம் வேண்டும். நாங்கள் சம்பா நெல்லை நம்பியிருந்தோம். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்கு மேல் என்று மூட்டைகளை எடுக்கவில்லை. சாலையிலேயே கொட்டிக் காயவைத்தோம், இரவில் மழை வந்து மறுபடியும் நனைத்தது. அதற்கு மேல் மூட்டைக்கு இவ்வளவு என்று கையில் வேறு கொடுக்கவேண்டும். விளைவித்தவன் தன் நெல்லைப் போடுவதற்கு ஏன் பணம் கொடுக்கவேண்டும் என்று கேட்டால், அடுத்த நாள் வா என்கிறார்கள். டெல்டாவில் ஒரு பிள்ளை டாக்டர் ஆவதும் ஆகாததும் இதிலும் மாட்டிக்கொண்டிருக்கிறது. கேட்டதை விட்டு எங்கோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மறுபடி எழுதுவதா என்ற முடிவைக் கடைசிச் சுற்று வரை தள்ளிப்போடுங்கள். சாதிச் சான்று, பிறப்பிடச் சான்று இரண்டையும் இ-சேவை மையத்தில் இப்போதே வாங்கி வையுங்கள். விருப்பக் கல்லூரிகளைப் பதியும்போது தஞ்சாவூர், திருவாரூர் என்று பக்கத்தில் இருப்பவற்றோடு நிறுத்தாமல் எல்லா அரசுக் கல்லூரிகளையும் உங்கள் விருப்ப வரிசைப்படி போடுங்கள். தரவரிசைப் பட்டியல் வந்ததும் பிசி வரிசை எண்ணை மட்டும் இங்கே சொல்லுங்கள். போன வருடப் பட்டியலை வைத்துக்கொண்டு எந்தச் சுற்றில் எந்தக் கல்லூரி வரை எட்டும் என்று பார்த்துச் சொல்கிறேன்.