சிறு கட்டணப் போக்கர் போட்டி: முதல் மூன்று லெவல்கள் – கேள்வி பதில்

இன்றைக்குப் பேசப்போவது ஒரே விஷயம்: நுழைவுக் கட்டணம் குறைவான ஹோல்டெம் (கையில் இரண்டு சீட்டு, மேஜையில் ஐந்து பொதுச் சீட்டு வைத்து ஆடும் போக்கர்) போட்டியில் தொடக்கக் கைகளை, அதாவது முதலில் வரும் அந்த இரண்டு சீட்டுகளை, எப்படி ஆடுவது. தனியாகச் சொல்லாத இடங்களில் 9 பேர் மேஜை, ஆளுக்கு 10,000 சிப், பிளைண்ட் 50-100 (சீட்டைப் பார்க்கும் முன்பே இருவர் கட்டாயமாக வைக்கும் தொகைகள்; பெரியது பிக் பிளைண்ட்; லெவலுக்கு லெவல் இவை ஏறும்), ஆன்டி (ஒவ்வொரு கைக்கும் எல்லோரும் போடும் தொகை) கிடையாது என்று வைத்துக்கொள்கிறேன். சிப்பை எண்ணாதீர்கள், பிக் பிளைண்டால் வகுங்கள். 10,000 என்றால் 100 பிளைண்ட். இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: முதல் லெவலில் எந்தெந்தக் கைகளை ஆடலாம் சார்? பட்டியல் கிடைக்குமா?

பதில்: உட்கார்ந்திருக்கும் இடத்தைச் சொல்லாமல் பட்டியல் கேட்டால் பயனில்லை. பிக் பிளைண்டுக்கு அடுத்த முதல் மூன்று இடங்கள் என்றால் 7-7 முதல் மேலான ஜோடிகள், ஏஸ்-கிங், ஏஸ்-குயின், ஒரே ரகத்தில் (இரண்டும் ஆட்டின், இரண்டும் கிளாவர் என்பதுபோல்) ஏஸ்-ஜாக், கிங்-குயின். அவ்வளவுதான். கணக்குப் போட்டால் 15 கைக்கு ஒன்றுதான் வரும். நடு இடங்களில் எல்லா ஜோடிகளையும், ஏஸ்-ஜாக், கிங்-குயின், ஒரே ரகத்தில் ஏஸ்-10, கிங்-ஜாக், குயின்-ஜாக், ஜாக்-10 ஆகியவற்றையும் சேர்க்கலாம். பட்டனிலும் (ஃபிளாப்புக்குப் பிறகு கடைசியாகப் பேசும், அதாவது முடிவெடுக்கும் இடம்) அதற்கு முந்தைய இடத்திலும் ஒரே ரக ஏஸ் எல்லாமும், 9-8, 8-7 போன்ற ஒரே ரக அடுத்தடுத்த சீட்டுகளும், ரகம் கலந்த கிங்-ஜாக், ஏஸ்-10 வகையும் ஆடலாம்.

இடத்துக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? ஃபிளாப் (முதல் மூன்று பொதுச் சீட்டு), டர்ன் (நாலாவது), ரிவர் (ஐந்தாவது) மூன்றிலும் கடைசியாகப் பேசுபவருக்கு எதிராளி செய்ததைப் பார்த்துவிட்டு முடிவெடுக்கும் வசதி இருக்கிறது. 100 பிளைண்ட் கையில் இருக்கும்போது அந்த மூன்று சுற்றிலும் பந்தயம் நடக்க இடமுண்டு. 10 பிளைண்டுக்குச் சுருங்கிவிட்டால் எல்லாம் ஃபிளாப்புக்கு முன்னாலேயே முடிந்துவிடும். ஆகவே இடத்தின் மதிப்பு உச்சத்தில் இருப்பது இந்த முதல் லெவல்களில்தான்.

கேள்வி: எவ்வளவு ரெய்ஸ் செய்ய (பந்தயத்தை ஏற்ற) வேண்டும்? 200 வைத்தால் நாலு பேர் பின்னாலேயே வந்துவிடுகிறார்கள்.

பதில்: வரத்தான் செய்வார்கள். பிக் பிளைண்டில் இருப்பவர் 100 கூடப் போட்டால் போதும், அவர் ஏன் விடப்போகிறார்? நீங்கள் முதல் ஆளாக உள்ளே வந்தால் 300. முன்னால் வெறும் பிளைண்டைக் கட்டி லிம்ப் செய்தவர்கள் இருந்தால் ஆளுக்கு 100 கூட்டுங்கள். இரண்டு லிம்ப் என்றால் 500. நீங்கள் பிளைண்டில் இருந்து ரெய்ஸ் செய்தால் இன்னொரு 100, ஏனென்றால் ஃபிளாப்புக்குப் பிறகு முதலில் பேச வேண்டியவர் நீங்கள். 300க்கும் நாலு பேர் வரும் மேஜை என்றால் 400, 450 என்று ஏற்றுங்கள்.

ஏஸ் ஜோடியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏதோ ஒரு கை வைத்திருக்கும் ஒருவருக்கு எதிராக 85 விழுக்காடு வெல்லும். அப்படிப்பட்ட நாலு பேருக்கு எதிராக 56 விழுக்காடாக இறங்கிவிடும். பாட் (நடுவில் சேர்ந்த சிப்) பெருத்திருக்கும், ஆனால் யார் எதை அடித்தார் என்று உங்களுக்குத் தெரியாது.

ஒரு எச்சரிக்கை. அளவை மேஜையைப் பார்த்து மாற்றுங்கள், கையைப் பார்த்து மாற்றாதீர்கள். ஏஸ் ஜோடிக்கு 600, 8-8க்கு 250 என்று வைத்தால் மூன்றாவது கையிலேயே எல்லோருக்கும் புரிந்துவிடும்.

கேள்வி: ஒரே ரகமாக இருந்தால் எந்த இரண்டு சீட்டும் ஆடலாம்தானே? சிப் நிறைய இருக்கிறது, விலையும் மலிவு.

பதில்: ஃபிளாப்பிலேயே ஃபிளஷ் (ஐந்து சீட்டும் ஒரே ரகம்) விழுவது 100க்கு ஒரு தடவைகூட இல்லை, 0.84 விழுக்காடு. நாலு சீட்டு சேர்ந்து ஒன்றுக்குக் காத்திருப்பது 11 விழுக்காடு. அப்படிக் காத்திருந்தால் ரிவருக்குள் வருவது 35, அடுத்த ஒரே சீட்டில் வருவது 20க்குச் சற்றுக் கீழே. இவ்வளவையும் தாண்டி கிளாவரில் 9-4 ஃபிளஷ் அடித்து, எதிரில் கிளாவர் குயின் வைத்திருப்பவரிடம் மொத்தச் சிப்பையும் கொடுப்பதுதான் இந்தக் கையின் உண்மையான விலை. பிளைண்ட் மலிவாக இருக்கலாம், இரண்டாம் தரக் கை மலிவில்லை.

கேள்வி: 4-4, 5-5 மாதிரி சின்ன ஜோடிக்கு ரெய்ஸைக் கால் செய்யலாமா (அதே தொகையைப் போட்டுத் தொடரலாமா) அண்ணா?

பதில்: செட்டோ (கையிலுள்ள ஜோடியோடு அதே எண்ணில் மூன்றாவது சீட்டு) அதற்கு மேலோ ஃபிளாப்பில் விழுவது 11.8 விழுக்காடு, எட்டரைக்கு ஒன்று. ஆக, கால் செய்யும் தொகையைப்போல் 15 மடங்காவது உங்களிடமும் ரெய்ஸ் செய்தவரிடமும் இருக்க வேண்டும். இருவரில் யாருடையது குறைவோ அதுதான் கணக்கு. 300க்குக் கால் என்றால் 4,500. அவரிடம் 2,000தான் மிச்சம் என்றால் செட் அடித்தாலும் அந்த இரண்டாயிரத்துக்கு மேல் கிடைக்காது, ஃபோல்ட் செய்யுங்கள் (கையை விட்டுவிடுங்கள்). எட்டரை மடங்கு போதாதா என்று கேட்பீர்கள். செட் அடிக்கும்போதெல்லாம் அவர் முழுதாகக் கொடுக்கப்போவதில்லை. சில சமயம் அவருக்கு ஒன்றுமே விழுந்திருக்காது, சில சமயம் அவருக்குப் பெரிய செட் விழும்.

செட் விழாவிட்டால்? ஃபிளாப்பில் யாராவது பந்தயம் வைத்ததும் விட்டுவிடுங்கள். குயின்-9-6 பலகையில் (மேஜையில் விரித்த பொதுச் சீட்டுகளில்) 5-5ஐப் பிடித்துக்கொண்டு ரிவர்வரை போவதால்தான் இந்தக் கை நஷ்டக் கை ஆகிறது.

கேள்வி: ஏஸ் ஜோடியை லிம்ப் செய்து மறைத்து ஆடலாமா?

பதில்: வேண்டாம். இந்த மேஜைகளில் மோசமான கையோடு கால் செய்பவர்கள்தான் உங்கள் வருமானம். கால் செய்ய நினைப்பவரிடம் விலையைச் சொல்லாமல் விடுவது நஷ்டம்.

கேள்வி: போட்டியின் முதல் கை, ஏஸ்-கிங் வந்திருக்கிறது. எதிரில் ஒருவர் ஆல்-இன் (எல்லாச் சிப்பையும் வைத்துவிட்டார்). கால் செய்யலாமா? 10 பேர், ஒரே மேஜை, ஆளுக்கு 1,500 சிப், பிளைண்ட் 10-20. பரிசு முதல் மூவருக்கு 50, 30, 20 விழுக்காடு.

பதில்: நல்ல கேள்வி, போட்டி அமைப்பையும் சேர்த்துச் சொன்னதற்கு நன்றி. தொடக்கத்தில் பரிசுத்தொகையில் ஆளுக்கு 10 விழுக்காடு பங்கு. நீங்கள் வென்று சிப் இரட்டிப்பானால் பங்கும் 20 ஆகிவிடாது. முதலிடம் வாய்ப்பு 20 விழுக்காடு, இரண்டாமிடம் 17.8, மூன்றாமிடம் 15.6 என்று வரும். பரிசால் பெருக்கிக் கூட்டினால் 18.44. ஆகவே 10ஐப் பணயம் வைத்து 18.44க்கு ஆடுகிறீர்கள். கைக்கும் நஷ்டமில்லாமல் இருக்கவே 54.2 விழுக்காடு வெல்ல வேண்டும்.

இனி எதிராளியின் கை. அவர் 10-10 முதல் மேலான ஜோடிகளும் ஏஸ்-கிங்கும் மட்டும் வைப்பவர் என்றால் உங்களுக்கு 40 விழுக்காடுதான். ஏஸ்-குயினும் வைப்பார் என்றால் 49. ஏஸ்-ஜாக்கும் சேர்த்தால்தான் 54ஐத் தொடுகிறது. முதல் கையிலேயே 75 பிளைண்டைத் தள்ளுபவர் பெரும்பாலும் ஃபிளாப் பார்க்கப் பயந்த ஜாக் ஜோடி, 10 ஜோடிக்காரர். ஃபோல்ட்.

கேள்வி: ஒத்துக்கொள்ள முடியவில்லை. குயின் ஜோடிக்கு எதிராக ஏஸ்-கிங் 43 விழுக்காடு, கிட்டத்தட்ட நாணயம் சுண்டுவதுதான். ஜெயித்தால் பெரிய சிப் மலை, அதை வைத்து மேஜையையே ஆட்டிப்படைக்கலாம்.

பதில்: 43ஐ 50 என்று எழுதினால் கணக்கு எப்படித் தேறும்? மேலும் அவரிடம் இருப்பது குயின் ஜோடி மட்டுமில்லை. கிங் ஜோடி என்றால் உங்களுக்கு 30, ஏஸ் ஜோடி என்றால் 7. அடுத்து அந்தச் சிப் மலை. பெரிய சிப்பை வைத்து அழுத்தம் கொடுப்பது பரிசுக்கு அருகில், வெளியேற எல்லோரும் அஞ்சும் நேரத்தில் பலிக்கும். இரண்டாவது ஜோடிக்கே (பலகையின் இரண்டாவது பெரிய சீட்டோடு சேரும் ஜோடி) கால் செய்கிறவர்கள் நிறைந்த முதல் லெவலில் 3,000 சிப் வைத்திருப்பதால் ஒருவரும் மிரள மாட்டார்கள்.

கேள்வி: குறுக்கே வருகிறேன். நீங்கள் சொன்னது 10 பேர் கணக்கு. 300 பேர் போட்டிக்குப் பொருந்தாது.

பதில்: சரியான திருத்தம். 300 பேரில் முதல் இரட்டிப்பு ஏறக்குறைய முழு இரட்டிப்புதான், 50க்குச் சற்று மேல் இருந்தால் போதும். ஆனால் முடிவு மாறவில்லை பாருங்கள். 10-10 முதல் மேலான ஜோடிகள், ஏஸ்-கிங் என்ற கைத்தொகுப்புக்கு எதிராக 40 என்பது அங்கேயும் 40தான்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். "நான் இவர்களைவிட நன்றாக ஆடுகிறேன், பொறுத்திருப்பேன்" என்று 57 விழுக்காடு இருக்கும் இடத்தை விடுவதும் தவறு. பத்துக் கைக்கு மூன்று முறை ஆல்-இன் தள்ளுகிறவர் என்றால் ஏஸ்-கிங்கோடு யோசிக்காமல் கால் செய்யுங்கள். 5 நிமிட லெவல் என்றால் பொறுத்திருக்க நேரமே கிடையாது. நேரடி மேஜையில் மணிக்கு 25, 30 கைதான் நடக்கும், 15 நிமிட லெவலுக்கு ஏழு கை. அதையும் கணக்கில் வையுங்கள்.

கேள்வி: ரீ-பை (தோற்றால் மறுபடி கட்டணம் கட்டிச் சேரும் வசதி) இருந்தால் ஏஸ்-கிங்குக்குக் கால் செய்யலாம்தானே?

பதில்: இரண்டாவது கட்டணமும் உங்கள் பணம்தான். 40 விழுக்காடு 40தான்.

கேள்வி: தொடக்கத்தில் எந்தெந்தக் கை ஆடலாம்?

பதில்: முதல் பதிலிலேயே இடம் வாரியாக எழுதியிருக்கிறேன். தயவுசெய்து படியுங்கள்.

கேள்வி: ஏஸ்-குயினோடு பட்டனில் இருந்தேன். இரண்டு பேர் லிம்ப். 500 வைத்தேன், ஒருவர் வந்தார். ஃபிளாப் குயின் ஆட்டின், 8 ஆட்டின், 4 கிளாவர். 800 வைத்தேன், கால் செய்தார். டர்ன் ஜாக் இஸ்பேடு. 1,700 வைத்தேன், 4,500க்கு ரெய்ஸ் செய்தார். கால் செய்து தோற்றேன். அதுவரை சத்தமே போடாத ஆள் அவர். எங்கே தப்பு?

பதில்: டர்ன் கால்வரை ஒரு தப்பும் இல்லை, அளவுகளும் சரி. அந்த இடத்தில் நின்று பார்ப்போம். ஃபிளாப்புக்கு முன் பாட் 1,250, ஃபிளாப்புக்குப் பின் 2,850. உங்கள் 1,700, அவர் 4,500 சேர்ந்து 9,050. நீங்கள் இன்னும் 2,800 போட வேண்டும், அதற்கு 24 விழுக்காடு தேவை.

அமைதியான ஆள் லிம்ப் செய்து, கால் செய்து, கால் செய்து, திடீரென்று டர்னில் ரெய்ஸ் செய்கிறார். ஜாக் எதை முடித்தது? 10-9 என்றால் ஸ்ட்ரெயிட் (அடுத்தடுத்த ஐந்து சீட்டு), உங்களைக் காப்பாற்ற ஒரு சீட்டும் இல்லை. 8-8, 4-4 செட்டுக்கு எதிராகவும் இல்லை. குயின்-ஜாக் என்றால் மூன்று ஏஸ் மட்டும், 44 சீட்டில் 3, 7 விழுக்காடு. உங்களுக்கு ஓரளவு சாதகமான ஜாக்-8க்கு எதிராகக்கூட 8 சீட்டுதான், 18 விழுக்காடு. எதுவும் 24ஐத் தொடவில்லை. அதோடு ரிவரில் மீதி 4,200க்கும் பந்தயம் காத்திருக்கிறது. ஆட்டின் இரண்டு வைத்திருப்பவராக இருக்கலாமே என்பீர்கள். அமைதியான ஆட்கள் ஃபிளஷுக்குக் காத்திருக்கும்போது கால் செய்வார்கள், டர்னில் ரெய்ஸ் செய்வது அபூர்வம்.

ஃபோல்ட் செய்திருந்தால் 7,000 மிச்சம். வகுங்கள்: 70 பிளைண்ட். போட்டி அப்படியே இருக்கிறது.

கேள்வி: பிக் பிளைண்டில் இருக்கும்போது பாதி பணம் ஏற்கெனவே உள்ளே இருக்கிறதே, எதையும் காப்பாற்றலாமா?

பதில்: உள்ளே போனது உங்களுடையது இல்லை, அது பாட்டுக்குச் சொந்தம். எதிராளி 250 வைத்து மற்றவர்கள் விட்டுவிட்டால், நீங்கள் 150 போட்டு 550 பாட்டுக்கு ஆடுகிறீர்கள், 27 விழுக்காடு போதும். அவர் 400 வைத்தால் 300 போட்டு 850க்கு, 35 விழுக்காடு வேண்டும். ஃபிளாப்புக்குப் பிறகு முதலில் பேச வேண்டியவர் நீங்கள் என்பதால் இதற்கும் மேலேயே தேவைப்படும். 250க்கு ஒரே ரக 9-7 சரி, 400க்கு விடுங்கள்.

கேள்வி: முதல் லெவலில் பிளஃப் (நல்ல கை இல்லாமலே பந்தயம்) செய்யலாமா?

பதில்: மூன்று பேர் உள்ளே இருந்தால் கூடாது. ஒருவர் மட்டும், காய்ந்த பலகை (ஸ்ட்ரெயிட், ஃபிளஷுக்கு வாய்ப்புக் குறைவானது), நீங்கள் ஃபிளாப்புக்கு முன் ரெய்ஸ் செய்தவர் என்றால் பாட் தொகையில் பாதி ஒரு தடவை வையுங்கள். கால் செய்துவிட்டால் நிறுத்துங்கள்.

கேள்வி: 8 பிளைண்ட்தான் மிச்சம், எதையெல்லாம் தள்ளலாம்?

பதில்: அது கடைசிக் கட்டப் பாடம், இன்று இல்லை.

கேள்வி: எந்தத் தளத்தில் ஆடலாம்? சட்டப்படி சரியா?

பதில்: சட்டத்துக்கு வழக்கறிஞரைக் கேளுங்கள். தளம் எதையும் நான் பரிந்துரைப்பதில்லை.

கேள்வி: தாமதமாகச் சேரலாமா? பிளைண்ட் ஏறின பிறகு வந்தால் நேரம் மிச்சம்.

பதில்: மூன்றாவது லெவல் 100-200 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே 10,000, ஆனால் 50 பிளைண்டாக வந்து உட்காருகிறீர்கள். கவனமில்லாமல் ஆடுகிறவர்களில் சிலர் அதற்குள் சிப்பை மற்றவர்களுக்குக் கொடுத்துவிட்டுப் போயிருப்பார்கள். சின்ன ஜோடிக்கான 15 மடங்குக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்: ரெய்ஸ் 600, தேவை 9,000. உங்களிடம் இருப்பதோ 10,000. முதல் லெவலில் கண்ணை மூடிக்கொண்டு கால் செய்த 4-4 இப்போது விளிம்பில் நிற்கிறது. நன்றாக ஆடத் தெரிந்தவர் முதல் கைக்கே வந்து உட்கார வேண்டும்.

கேள்வி: ஏஸ்-கிங் பற்றி ஒரு கடைசிக் கேள்வி. ஆல்-இன் இல்லாமல் ஒருவர் 300 மட்டும் வைத்தால்?

பதில்: 900, 1,000க்கு ரீ-ரெய்ஸ் செய்யுங்கள். கால் செய்தால் ஃபிளாப்பில் ஏஸோ கிங்கோ மூன்றில் ஒரு தடவைதான் விழும் என்பதை மறக்காதீர்கள். அமைதியான ஆள் அதற்கும் மேல் ஆல்-இன் தள்ளினால் விட்டுவிடுங்கள், 90 பிளைண்ட் மிச்சமிருக்கும்.