கொரோனாவில் விட்டுப்போன ஊசியும் சோதனையும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கொரோனா வந்த ஆண்டில் காசநோய் குறைந்துவிட்டதாகப் படித்தேன். எல்லோரும் முகக்கவசம் போட்டதுதான் காரணமா? (வாசகர், தஞ்சாவூர்)

குறைந்தது நோயல்ல, கண்டுபிடிப்பு. இந்தியாவில் 2019-ல் பதிவான காசநோயாளிகள் 24.04 லட்சம், 2020-ல் 18.05 லட்சம். நோய் உண்மையிலேயே குறைந்திருந்தால் சாவும் குறைந்திருக்க வேண்டும். ஆனால், உலக அளவில் பத்தாண்டுக்கும் மேலாக இறங்கிக்கொண்டே வந்த காசநோய் இறப்பு 2020-ல்தான் மறுபடி ஏறியது.

பேருந்து ஓடவில்லை, புறநோயாளிப் பிரிவுகள் மூடிக் கிடந்தன. சளியில் கிருமியின் மரபணுவைத் தேடும், காசநோய்க்கு வாங்கிய ட்ரூநாட், சிபிநாட் கருவிகளும் அவற்றை இயக்கத் தெரிந்த ஆய்வக ஊழியர்களும் கொரோனா பரிசோதனைக்குப் போய்விட்டார்கள். இவற்றைவிடப் பெரிய தடை பயம். இருமினால் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று மக்கள் இருமலை மறைத்தார்கள். நுரையீரல் காசநோய்க்குச் சிகிச்சை எடுக்காத ஒருவர், நெருங்கிப் பழகுபவர்களில் ஓராண்டில் 5 முதல் 15 பேருக்குக் கிருமியைத் தரக்கூடும். வீட்டுக்குள்ளேயே எல்லோரும் அடைந்து கிடந்த மாதங்களில் அது யாருக்குப் போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

2020 ஆகஸ்டில் மத்திய அரசு, கொரோனா நோயாளிக்குக் காசநோய் அறிகுறி பார்க்கவும், காசநோயாளிக்குக் கொரோனா பார்க்கவும் உத்தரவிட்டது. நல்ல முடிவு, ஆனால் ஐந்து மாதம் தாமதம். பதிவு பழைய அளவுக்குத் திரும்ப 2022 ஆனது.

தாமதமாக வருபவர் மெலிந்து, மூச்சு வாங்கியபடி வருகிறார். அதனால் 2022-ல் தமிழ்நாடு தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், நோய் உறுதியானதும் எடை, உயரம், கால் வீக்கம், மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன் அளவு, பிடிமானமின்றி நிற்க முடிகிறதா என்று பார்க்கிறார்கள். ஆக்சிஜன் 94 சதவீதத்துக்குக் கீழே இருந்தாலோ, மூச்சு நிமிடத்துக்கு 24-ஐத் தாண்டினாலோ படுக்கையில் சேர்த்துக் கவனிக்க வேண்டியவர் என்று பொருள். கொரோனா காலத்தில் கைக்குப் பழகிய ஆக்சிமீட்டர் இங்கே உயிர் காக்கிறது.

கேள்வி: அப்பாவுக்கு ஒரு மாதமாக இருமல். சளிப் பரிசோதனையில் ஒன்றுமில்லை என்றார்கள். இருமல் நிற்கவில்லையே? (வாசகி, விருதுநகர்)

முதலில், எந்தச் சோதனை செய்தார்கள் என்று சீட்டைப் பாருங்கள். நுண்ணோக்கியில் கிருமி தெரிய வேண்டுமானால் ஒரு மில்லி சளியில் 5,000 முதல் 10,000 கிருமிகளாவது இருக்க வேண்டும். ட்ரூநாட், சிபிநாட் இரண்டும் நூற்றுக்கணக்கில் இருந்தாலே காட்டிவிடும். காசநோயின் முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கிருமி கட்டுப்படுமா என்பதையும் சொல்லும். நுண்ணோக்கி மட்டும்தான் என்றால் மற்றதைக் கேட்டு வாங்குங்கள். மார்பு எக்ஸ்ரேயும் எடுங்கள்.

அடுத்தது சளி கொடுத்த விதம். பலரும் எச்சிலைத் துப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். அதில் கிருமி வராது. காலையில் எழுந்ததும், சாப்பிடும் முன், வெறும் தண்ணீரில் வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று முறை ஆழமாக மூச்சிழுத்து, நெஞ்சிலிருந்து இருமி, குறைந்தது 2 மில்லி கெட்டிச் சளி எடுக்க வேண்டும். அறைக்குள் வேண்டாம், வெட்டவெளியில் எடுங்கள். போன அன்று ஒன்று, மறுநாள் காலை ஒன்று என இரண்டு மாதிரி.

மருந்துக்கடையில் லெவோஃப்ளாக்ஸசின் என்ற ஆன்டிபயாடிக் வாங்கித் தந்திருந்தால் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். அது காசநோய்க் கிருமியையும் கொஞ்சம் அடக்கி, சோதனையை ஏமாற்றும்.

கேள்வி: தங்கை மகனுக்கு மூன்று வயது. ஊர் மாறியதில் ஒரே ஒரு பெண்டாவேலன்ட் (ஐந்து நோய்த் தடுப்பு) ஊசிதான் போட்டிருக்கிறது. முதலிலிருந்து போட வேண்டுமா? (வாசகி, திருப்பூர்)

வேண்டாம். போட்ட ஊசி வீணாகாது. விட்ட இடத்திலிருந்து தொடரலாம். மீதி இரண்டு பெண்டாவேலன்ட்டை நான்கு வார இடைவெளியில் போட்டு, மூன்றாவதிலிருந்து ஆறு மாதம் கழித்து முத்தடுப்பு (டிபிடி) ஊக்க ஊசி. தட்டம்மை-ரூபெல்லாவை ஐந்து வயதுக்குள் ஒரு மாத இடைவெளியில் இரண்டு முறை போட்டுவிட வேண்டும். அட்டை தொலைந்திருந்தாலும் கிராம சுகாதாரச் செவிலியரிடம் போங்கள். தட்டம்மைக் குப்பி ஒன்றில் பல குழந்தைகளுக்கான மருந்து இருக்கும்; கரைத்துவிட்டால் மிச்சத்தை நான்கு மணி நேரத்தில் கொட்டிவிட வேண்டும். அதனால்தான் ஊசி நாளன்று வரச் சொல்வார்கள்; அதைத் தட்டிக்கழிப்பதாக நினைக்க வேண்டாம்.

தள்ளிப்போடாதீர்கள். 2021-ல் இந்தியாவில் ஏறத்தாழ 27 லட்சம் குழந்தைகள் ஒரு முத்தடுப்பு ஊசிகூடப் பெறவில்லை. 2022 கடைசியில் மும்பையிலும் மாலேகாவிலும் தட்டம்மை பரவிக் குழந்தைகள் இறந்தார்கள். அம்மை கண்ட குழந்தைக்கு வேப்பிலையோடு வைட்டமின் ஏ சொட்டு மருந்தும் கட்டாயம் வேண்டும்.

கேள்வி: மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே மாத்திரை வருகிறது. இனி ஆஸ்பத்திரிக்கு அலைய வேண்டாம்தானே? (வாசகர், தருமபுரி)

மாத்திரைக்கு அலைய வேண்டாம், சோதனைக்குப் போகத்தான் வேண்டும். ஊரடங்கில் சுகர், பிரஷர் மாத்திரை விட்டவர்கள் பட்ட பாட்டுக்குப் பிறகு, 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம் இது. கொரோனா நமக்கு விட்டுச்சென்ற நல்ல மாற்றங்களில் இதையே முதலில் சொல்வேன். ஆனால் வீட்டுக்கு வரும் மாத்திரை உங்கள் சிறுநீரகத்தைப் பார்க்காது. மூன்று மாத சராசரி சர்க்கரைச் சோதனை ஆண்டுக்கு இரண்டு முறையாவது, சிறுநீரகத்தின் நிலையைச் சொல்லும் கிரியாட்டினின் ரத்தச் சோதனை, சிறுநீரில் புரதம், விழித்திரை, பாதம் ஆண்டுக்கு ஒரு முறை. சிறுநீரகம் மிகவும் தளர்ந்துவிட்டால் சுகர் மாத்திரையான மெட்ஃபார்மினை நிறுத்த வேண்டியிருக்கும். கிரியாட்டினின் பார்க்காமல் அது தெரியாது.

கேள்வி: எங்கள் அரசு மருத்துவமனையில் 2021-ல் வைத்த ஆக்சிஜன் ஆலை ஓடுவதே இல்லை. அவசரத்தில் ஓடுமா? (வாசகர், நாகப்பட்டினம்)

சும்மா கிடந்தால் ஓடாது. காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்து வைத்து ஆக்சிஜனை வெளியே விடுவது, ஆலைக்குள் இருக்கும் ஜியோலைட் என்ற கனிம மணிகள். அவற்றுக்கு ஈரம் பகை. உலர்த்தியும் வடிகட்டியும் சரியாக இல்லாவிட்டால் மணிகள் ஈரம் குடித்துக் கெட்டு, ஆக்சிஜன் தூய்மை வேண்டிய 93 சதவீதத்திலிருந்து சரியும். ஆலையை அடிக்கடி ஓட்டித் தூய்மையை அளந்து எழுதி வைக்க வேண்டும். அடுத்த கிராம சபையில், கடைசியாக அளந்த தேதியையும் சதவீதத்தையும் கேளுங்கள்.