இரண்டு கதவுக் கார் வாங்கப் போகிறவர்களுக்கு: கேள்வி-பதில்

2025 பெப்ரவரியில் இலங்கையில் தனியார் வாகன இறக்குமதிக்குக் கதவு திறந்த நாளிலிருந்து கூபே (இரண்டு கதவுக் கார்) காய்ச்சல் மலையகத்தையும் விட்டுவைக்கவில்லை. வந்த கடிதங்களைச் சுருக்கித்தான் போட்டிருக்கிறேன். காரின் நிறத்தை மட்டும் எழுதி "எப்படி?" என்று கேட்டவர்களுக்குப் பதில் இல்லை.

கேள்வி: ஹொண்டா புதிதாக விட்டிருக்கும் ப்ரெலூட்டின் ஜப்பான் விலை 6,179,800 யென். வலு 200 குதிரை சொச்சம். "இந்தக் காசுக்கு இது ஸ்போர்ட்ஸ் காரே இல்லை" என்கிறார் மச்சான். மலைக்கு இதுதான் சரி என்பது என் கட்சி. தீர்ப்புச் சொல்லுங்கள். (நுவரெலியா)

பதில்: விலைப் பேச்சில் மச்சான் பக்கம். அதே கொம்பனியின் சிவிக் டைப் ஆர் 2022இல் ஜப்பானில் வந்தபோது விலை 4,997,300 யென்; 330 குதிரை, கையால் போடும் ஆறு கியர். ப்ரெலூட்டுக்கு அந்தக் காரிடமிருந்து வந்தது சஸ்பென்ஷன் அமைப்பும் முன்சில்லுகளின் பிரெம்போ பிரேக்கும். எஞ்சின் வரவில்லை. உள்ளே இருப்பது சிவிக் ஹைபிரிட்டின் 1,993 சீசீ எஞ்சின். பெரும்பாலான நேரம் அது மின்சாரம் உற்பத்தி செய்ய, 184 பீஎஸ் (குதிரைவலு) மோட்டார்தான் சில்லைச் சுற்றுகிறது. கியர்பெட்டி என்று ஒன்று கிடையாது. பட்டனை அழுத்தினால் கியர் மாறுவதுபோல இழுவையையும் சத்தத்தையும் வெட்டி வெட்டிக் காட்டும் ஏற்பாடு ஒன்று உண்டு. முதல் வாரம் ரசிக்கலாம்.

வரியையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். 2025 பெப்ரவரியில் வந்த ஏற்பாட்டின்படி, பெட்ரோல் ஹைபிரிட்டின் பெறுமதி 55 லட்சத்தைத் தாண்டினால் தாண்டிய தொகைக்கு 80 வீதம் சொகுசு வரி. ஒரு யென்னை இரண்டு ரூபாவாக வைத்துப் பாருங்கள், எவ்வளவு தாண்டுகிறது என்று தெரியும். சீசீக்கு உற்பத்தி வரி, சுங்கத் தீர்வை, 18 வீத வற் வேறு.

ஓட்டத்தில் உங்கள் பக்கம், ஆனால் பாதிதான். நுவரெலியா 1,868 மீட்டர் உயரம். காற்றழுத்தம் கடற்கரையைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத எஞ்சின் கிட்டத்தட்ட அதே அளவு வலுவை இழக்கும். குளிர்காற்றால் கொஞ்சம் திரும்பி வரும். மின்மோட்டாருக்கு இந்த மூச்சுத்திணறல் இல்லை. றம்பொடை கொண்டை ஊசி வளைவில் 20 கிலோமீட்டர் வேகத்துக்கு இறங்கி மறுபடி எழும்பும்போது, 315 நியூட்டன் மீட்டர் இழுவை கால் வைத்த கணத்திலேயே கிடைக்கும்.

மறுபக்கம் பற்றரி. அதில் அடங்குவது ஏறக்குறைய ஒரு யூனிட் மின்சாரம். நீண்ட ஏற்றத்தில் அது தீர்ந்ததும் எஞ்சின் ஒரே சுருதியில் கத்திக்கொண்டு தானே சுமை தூக்கும். இறக்கம் இன்னும் வேடிக்கை. ஆட்களோடு 1,600 கிலோ எடையுள்ள கார் நுவரெலியாவிலிருந்து கண்டிக்கு இறங்கும்போது விடுவிக்கும் சக்தி 6 யூனிட்டுக்குக் கிட்ட. பற்றரி முதல் சில கிலோமீட்டரிலேயே நிரம்பிவிடும். பிறகு வருவதைச் செலவழிக்க, பெட்ரோல் ஊற்றாமலே எஞ்சினைச் சுழற்றி இரைய வைக்கும். "கால் எடுத்தும் எஞ்சின் கத்துகிறது" என்று கராஜுக்கு ஓட வேண்டாம், பழுதில்லை.

வீட்டாரோடு மேலே போய்க் கீழே வர நல்ல கார். ஏப்ரல் சீசனில் மஹகஸ்தோட்ட மலையேற்றக் கார்ப் பந்தயத்துக்குக் கொண்டுபோகும் எண்ணமிருந்தால் மச்சானிடமே யோசனை கேளுங்கள். எதற்கும் முன், ஏஜென்ட் அல்லாதவர் இறக்கிய காருக்கு வொரண்டி வேலையை யார், எந்த ஊரில் செய்வார் என்று எழுத்தில் வாங்குங்கள்.

கேள்வி: டொயோட்டா 86ஆ, சுபாரு பீ.ஆர்.இஸட்டா? பழைய 2.0 லீற்றர் எஞ்சின் போதுமா? (தலவாக்கலை)

பதில்: இரண்டும் ஒரே ஆலையில் பிறந்த ஒரே கார். ஸ்பிரிங், டேம்பர் அமைப்பிலும் முகத்திலும்தான் வித்தியாசம். எது சுத்தமாகக் கிடைக்கிறதோ அதை எடுங்கள்.

2.0க்கும் 2.4க்கும் உள்ள இடைவெளிதான் பேச வேண்டியது. 2012இல் வந்த 2.0 எஞ்சின் 205 நியூட்டன் மீட்டரைத் தருவது 6,400 சுற்றுக்கு மேலே. நடுவில் 4,000 சுற்றை ஒட்டி ஒரு பள்ளமும் உண்டு. மலைவளைவில் இருந்து வெளியேறும்போது நிற்கும் இடம் சரியாக அந்தப் பள்ளம். 2021இல் வந்த 2.4 எஞ்சின் 250 நியூட்டன் மீட்டரை 3,700 சுற்றிலேயே கொடுக்கிறது. ஜப்பான் தாளில் 235 பீஎஸ் என்றிருப்பது உங்கள் ஊர் உயரத்தில் 200ஐத் தொடாது. ஆனாலும் இரண்டாம் கியரில் இழுக்கும்.

2012, 2013இல் செய்த 2.0 வாங்கினால் வால்வ் ஸ்பிரிங்கை மாற்றக் கொம்பனி திரும்ப அழைத்த (ரீகோல்) வேலை நடந்ததா என்று சேஸி எண்ணை வைத்துத் தேடுங்கள். அந்த வேலைக்கு எஞ்சினை இறக்கிப் பிரிக்க வேண்டும். பிரித்தவர் சரியாகப் பூட்டாமல் பிறகு எஞ்சின் போன கார்களும் உண்டு, ஆகவே யார் செய்தது என்றும் கேளுங்கள். 2.4இல் எண்ணெய்ச் சட்டியை ஒட்டும் பசை அதிகம் பூசப்பட்டு, அதன் துணுக்குகள் எண்ணெய் உறிஞ்சும் வலையில் சிக்கியதைச் சட்டி கழற்றிய பலர் கண்டிருக்கிறார்கள். தெருவில் ஓட்டுபவருக்கு இது பெரும்பாலும் தலைவலி இல்லை. போட்டிக்கு ஓட்டுபவர் சட்டியைக் கழற்றி வலையைப் பார்த்துவிட்டுத்தான் ஓட வேண்டும்.

கேள்வி: மஸ்டா ஆர்.எக்ஸ்-8 ஒன்று மலிவாக வருகிறது. 1,308 சீசீதான். எடுக்கலாமா? (ஹட்டன்)

பதில்: மலிவாக வருவதற்குக் காரணம் உண்டு. எடுக்க வேண்டாம்.

கேட்காமல் எடுக்கப் போகிறவருக்கு ஒரு சோதனை: நன்றாகச் சூடேற ஓட்டி, நிறுத்தி, பத்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் செய்யுங்கள். இழுத்து இழுத்துப் பிடித்தால் ரோட்டரி எஞ்சினின் (பிஸ்டனுக்குப் பதில் சுழலி உள்ள எஞ்சின்) சீல் தேய்ந்து அழுத்தம் போய்விட்டது. அழுத்தத்தை அளக்கச் சாதாரண மீட்டர் உதவாது, ரோட்டரிக்கென்றே தனி மீட்டர் வேண்டும்.

கேள்வி: கார் சேல் ஒன்றில் 2011 ஹொண்டா சி.ஆர்-இஸட் வாங்கினேன். "ஹைபிரிட் பற்றரி புதிது" என்றார்கள். மூன்றாம் வாரம் ஐ.எம்.ஏ. (ஹைபிரிட் பகுதிக்கான எச்சரிக்கை) விளக்கு எரிகிறது. போன் செய்தால் "மலையில் ஓட்டினால் அப்படித்தான்" என்கிறார்கள். லீசிங் வேறு கட்ட வேண்டும். (பண்டாரவளை)

பதில்: மலையில் ஓட்டினால் அப்படி இல்லை. உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள், அதில் சந்தேகம் வேண்டாம்.

நடந்திருக்கக்கூடியது இது. 2012 மாற்றத்துக்கு முந்திய சி.ஆர்-இஸட்டில் இருப்பது 100 வோல்ட் நிக்கல் பற்றரி. அது களைத்தால் கணினி குறியீடு ஒன்றைப் பதிந்து விளக்கைப் போடும். விற்பவர் ஸ்கேனரால் குறியீட்டை அழித்துவிட்டால் விளக்கு அணையும். கணினி மறுபடி சோதித்து முடிக்கும்வரை சில நாள் எரியாது. அந்தச் சில நாளில் உங்களிடம் சாவி கைமாறிவிடும்.

உடனே செய்ய வேண்டியவை. விளக்கை அணைக்க யாரையும் விடாதீர்கள், அதுதான் உங்கள் சாட்சி. ஹைபிரிட் பார்க்கும் வேறொரு கராஜில் ஸ்கேன் போட்டு, குறியீடும் பற்றரித் தொகுதிகளின் தனித்தனி வோல்ட் அளவும் திகதியோடு அச்சில் வாங்குங்கள். பின்பக்கத் தளத்துக்குக் கீழே இருக்கும் பற்றரிப் பெட்டியைப் படம் எடுங்கள். மூடி, திருகு, லேபல் எல்லாம் தெரிய வேண்டும். புதிது போட்ட பெட்டியா, பத்து வருடத் தூசியா என்று படமே சொல்லும். விளம்பரத்தின் படம், வாட்ஸ்அப் பேச்சு, பற்றுச்சீட்டு மூன்றையும் சேர்த்து விற்றவருக்குப் பதிவுத் தபாலில் கடிதம் போடுங்கள். பதில் வராவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு. 2003இன் 9ஆம் இலக்கச் சட்டப்படி வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் அது போய்ச் சேர வேண்டும். 1977 என்ற இலக்கத்தில் வழி கேட்கலாம், ஆனால் போனில் சொன்னதோடு நிற்காதீர்கள். லீசிங் தவணையைக் கோபத்தில் நிறுத்திவிடவும் வேண்டாம், அது வேறு வழக்கு.

ஒரு ஆறுதல்: இந்தக் காரில் எஞ்சின் தனியாகவே சில்லைச் சுற்றும். பற்றரி களைத்தாலும் பெரும்பாலும் நடுவழியில் விடாது, ஏற்றத்தில் தள்ளாடும் அவ்வளவுதான்.

இதே காரைப் பார்க்கப் போகும் மற்றவர்களுக்கு: ஏற்றத்தில் முழுக் கால் வைத்துச் சார்ஜ் கோடுகளைக் கவனியுங்கள். ஐந்தாறு கோடு ஒரே வீழ்ச்சியாக ஒன்றுக்கு இறங்கினால் பற்றரி முடிந்தது. ஸ்கேனில் சுயசோதனைகள் முடியாமல் கிடந்தால் குறியீடு அண்மையில் அழிக்கப்பட்டிருக்கலாம்.

கேள்வி: றம்பொடையால் இறங்கும்போது கருகல் வாடை வந்தது, பிரேக் பெடல் பஞ்சு மாதிரிப் போனது. விற்றவர் "ஸ்போர்ட்ஸ் பிரேக், சூடானால்தான் பிடிக்கும்" என்கிறார். (கம்பளை)

பதில்: அந்த மனிதரை முன்சீட்டில் உட்காரவைத்து அதே இறக்கத்தில் இறங்குங்கள், பேச்சு மாறும்.

கடிதம் எழுதும் அத்தனை பேரும் நூறு கிலோமீட்டரை எத்தனை விநாடியில் தொடும் என்று கேட்கிறார்கள். இந்த மலையில் நூறைத் தொட எங்கே ரோடு இருக்கிறது? இறங்க ரோடு தாராளமாக இருக்கிறது, ஆனால் பிரேக் எண்ணெய் எந்த ஆண்டு ஊற்றியது என்று ஒருவரும் கேட்பதில்லை. மேலே சொன்ன 6 யூனிட் நினைவிருக்கட்டும்: இரண்டு கிலோவாட் கேத்தலை மூன்று மணி நேரம் கொதிக்க வைக்கும் சூடு. கியரும் காற்றும் வாங்காத பங்கு முழுதும் நான்கு பிரேக் தட்டுக்குள்தான் போக வேண்டும்.

பிரேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும் சாமான். டொட் 3 வகை எண்ணெய் புதிதாக இருக்கையில் 205 பாகை வரை கொதிக்காமல் நிற்க வேண்டும் என்பது தரம். ஈரம் ஏறியபின் அதன் தரவரம்பு 140. டொட் 4க்கு இவை 230, 155. கொதித்தால் குழாய்க்குள் நீராவிக் குமிழி. எண்ணெய் நசியாது, நீராவி நசியும். உங்கள் கால் நசித்தது அதைத்தான். கருகல் வாடை பிரேக் பேட்டுடையது. வாடை மட்டும் வந்து பெடல் கெட்டியாக இருந்தால் பேட் மட்டும் சூடேறியிருக்கிறது. பஞ்சு மாதிரிப் போனால் எண்ணெய்.

முழு எண்ணெயையும் மாற்றி டொட் 4 ஊற்றுங்கள், ஒரு லீற்றர் போதும். நான்கு சில்லின் பிரேக்குகளிலும் குழாய்க் காற்றை வெளியே எடுக்க வேண்டும். மேலே இருக்கும் டப்பாவை மட்டும் உறிஞ்சி நிரப்பிவிட்டு "மாத்தியாச்சு" என்பார்கள், நம்ப வேண்டாம். மூடி திறந்து வைத்த போத்தலும் வேண்டாம். பிறகு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. பேட் வாங்கும்போது பெட்டியைப் பார்த்து மயங்காதீர்கள். நல்ல பெயர் அச்சிட்ட பெட்டியில் போலிப் பேட் வாங்கி ஒரே மாதத்தில் தட்டையும் சேர்த்து மாற்றியவர்களில் நானும் ஒருவன். இறங்கும்போது ஏறிய கியரிலேயே இறங்குங்கள். பிரேக்கை விடாமல் தேய்க்காமல், அழுத்திக் குறைத்து, விட்டு ஆற விடுங்கள்.

டயரையும் இப்போதே பாருங்கள். பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2318 என்றால் 2018ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். டயர்ப் பட்டன் ஆழமாக இருந்தாலும் ரப்பர் கல்லாகியிருக்கும், மழையில் பிடிக்காது.

கேள்வி: ஜப்பான் ஏலத் தாளில் 4.5 தரம். ஆனால் முன் மட்கார்டில் "எக்ஸ்எக்ஸ்" என்று குறித்திருக்கிறது. (அப்புத்தளை)

பதில்: அந்தப் பாகம் ஏற்கெனவே மாற்றப்பட்டது என்று பொருள். திருகிப் பூட்டும் மட்கார்டுக்கு அது மட்டும் குற்றமில்லை. தரம் இருக்கும் இடத்தில் "ஆர்" அல்லது "ஆர்ஏ" என்றிருந்தால் விபத்தில் திருத்திய கார். விற்பவர் காட்டும் தாளை வைத்து முடிவெடுக்காமல், சேஸி எண் கொடுத்து நீங்களே மூலத் தாளை எடுத்து இரண்டையும் ஒப்பிடுங்கள். மைலேஜ் இலக்கம் முதலில்.

கேள்வி: காரைப் படத்தில் பார்த்துப் பிடித்ததால் 10 லட்சம் அட்வான்ஸ் போட்டேன். சி.ஆர். புத்தகம் (வாகனப் பதிவுச் சான்று) லீசிங்கில் இருக்கிறது, பிறகு தருகிறேன் என்கிறார். இப்போது போன் எடுக்கவில்லை. (மஸ்கெலியா)

பதில்: தேங்காய் வாங்கினால் தட்டிப் பார்த்து வாங்குகிறீர்கள். பத்து லட்சத்தைப் படத்துக்கா போட்டீர்கள்?

வங்கிச் சீட்டையும் குறுஞ்செய்திகளையும் எடுத்துக்கொண்டு இன்றே பொலிஸில் முறைப்பாடு போடுங்கள், வங்கிக்கும் எழுதுங்கள். சி.ஆர். புத்தகத்தில் முழு உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் கொம்பனி இருந்தால், அவர்களின் பாக்கிக் கடிதத்தைப் பார்த்து, பணத்தை நேரே அவர்களுக்குக் கட்டி, விடுவிப்புக் கடிதம் வாங்கிய பின்தான் மிச்சம் விற்பவர் கைக்குப் போக வேண்டும். கையெழுத்து மட்டும் போட்ட ஓபன் பேப்பரில் காரை எடுப்பவர்கள் எனக்கு எழுத வேண்டாம்.

கேள்வி: ஸ்பிரிங் வெட்டி இரண்டு அங்குலம் தாழ்த்தலாமா? தோட்டப் பாதையில்தான் வீடு. (பொகவந்தலாவை)

பதில்: 86இன் அடிவயிறு தரையிலிருந்து 130 மில்லிமீட்டர். இரண்டு அங்குலம் 50. மிச்சத்தில் உங்கள் தோட்டத்துக் கல் எது அடங்கும் என்று அளந்துவிட்டு வெட்டுங்கள்.

கேள்வி: 92 பெட்ரோல் போதுமா? (நானுஓயா)

பதில்: சி.ஆர்-இஸட்டுக்குப் போதும். 2.4 எஞ்சினுக்கு அமுக்க விகிதம் 12.5, ஜப்பானிலேயே உயர் ஒக்டேன் கேட்கும் எஞ்சின் அது. 95க்குக் குறைத்து ஊற்றாதீர்கள். பெட்ரோல் செட்டில் 95 தீர்ந்த நாளில் அரை டாங்க் 92 ஊற்றினால் எஞ்சின் வெடிக்காது. தட்டுச் சத்தம் உணர்ந்து தீப்பொறியைப் பின்தள்ளிக்கொள்ளும், வலு குறையும். அந்த டாங்க் தீரும்வரை முழுக் கால் வைக்காதீர்கள்.

கேள்வி: பின்சீட்டில் பிள்ளைகள் இருவர் உட்காரலாமா? (பதுளை)

பதில்: எட்டு வயதுவரை, பதுளையிலிருந்து எல்ல வரை.